ஆனைமங்கலத்து நெல்லும் மகாநாமனின் கேள்வியும்

நாகப்பட்டினத்தை அடுத்த ஆனைமங்கலம் என்ற ஊரின் வருவாயை முதலாம் இராசராசன் தன் 21ஆம் ஆட்சியாண்டில், 1006ஐ ஒட்டி, நாகப்பட்டினத்துப் புத்த விகாரை ஒன்றுக்குப் பள்ளிச்சந்தமாக, அதாவது சமயப் பள்ளிக்கான கொடையாக, விட்டான். அந்த விகாரையை எழுப்பியவன் கடல் கடந்த கடாரத்தின் அரசன் ஸ்ரீமாறவிஜயோத்துங்கவர்மன். தன் தந்தை சூளாமணிவர்மன் பெயரையே அதற்கு இட்டான். தஞ்சையில் பெரிய கோயில் வளர்ந்துகொண்டிருந்த அதே ஆண்டுகளில், சிவபாதசேகரன் என்று பெயர் பூண்ட மன்னன், புத்தனுக்கும் ஓர் ஊரையே எழுதி வைத்தான். 97 வேலிக்குச் சற்று மேற்பட்ட நிலம். ஆண்டுக்கு 8,943 கலத்துக்குச் சற்று மேற்பட்ட நெல். எல்லை வகுத்தார்கள், வரி விலக்கினார்கள், இராசேந்திரன் காலத்தில் அதைச் செப்பேட்டில் வெட்டினார்கள். 1090இல் முதலாம் குலோத்துங்கன் அந்த உரிமைகளை மீண்டும் உறுதி செய்தான். லெய்டன் செப்பேடுகள் என்று இன்று நாம் அழைக்கும் ஆவணங்கள் இவைதாம். நெல்லே செல்வமாக இருந்த காவிரிப் படுகையில் ஒரு சமய நிறுவனத்துக்கு இதைவிட உறுதியான காப்பை எந்த அரசாலும் தந்திருக்க முடியாது. ஆயினும் அந்த விகாரையின் சுவர்கூட இன்று நமக்கு மிஞ்சவில்லை. விகாரை போனது ஒருபுறம் இருக்கட்டும். அதைச் சுற்றி வாழ்ந்து புத்தனைச் சரணடைந்த குடும்பங்களின் தொடர்ச்சியும் அற்றுப்போயிற்று. நெல்லும் செப்பேடும் ஒரு நம்பிக்கையைக் காக்க முடியாதென்றால், காப்பது எது?

இந்தக் கேள்விக்கு நேரான விடை, இராசராசனுக்குப் பல நூற்றாண்டுகள் முன்பே பாலி நூல்களில் பதிவாகியிருக்கிறது. கபிலவத்துவின் ஆலமரச் சோலையில் சாக்கியன் மகாநாமன் புத்தரிடம் வந்து கேட்டதாக அங்குத்தர நிகாயத்தின் எட்டாம் தொகுதியில் ஓர் உரையாடல் உண்டு. இல்லறத்தான் ஒருவன் எப்போது உபாசகன் ஆகிறான், எப்போது தன் நன்மைக்கு மட்டும் வாழ்பவன் ஆகிறான், எப்போது தன் நன்மைக்கும் பிறர் நன்மைக்கும் சேர்த்து வாழ்பவன் ஆகிறான் என்பது மகாநாமனின் கேள்வி. புத்தரின் விடையில் எட்டுப் படிகள் வருகின்றன. நம்பிக்கை, ஒழுக்கம், ஈகை, துறவியரைக் காணும் விருப்பம், அறத்தைக் கேட்டல், கேட்டதை நினைவில் நிறுத்தல், அதன் பொருளை ஆராய்தல், ஆராய்ந்தபடி நடத்தல். இந்த எட்டும் தன்னிடம் இருந்து, ஆனால் பிறரை அவற்றில் ஊக்காதவன் தன் நன்மைக்கு மட்டும் வாழ்பவன். தானும் நடந்து பிறரையும் ஊக்குபவனே இரண்டு நன்மைக்கும் உரியவன். இந்தப் பட்டியலில் நிலமானியம் இல்லை, கட்டடம் இல்லை, அரசனும் இல்லை. இருப்பதெல்லாம் ஒரு மனிதன் தன்னிடத்தில் செய்துகொள்ள வேண்டிய உழைப்பும், அடுத்த மனிதனிடத்தில் செய்ய வேண்டிய உழைப்பும்தான். சோழநாட்டில் பௌத்தம் வாழ்ந்த வரலாற்றையும் மறைந்த வரலாற்றையும் இந்த விடையின் வெளிச்சத்தில் படித்தால், அரசர்களின் வரிசையை வைத்துப் படிப்பதைவிட அதிகம் விளங்குகிறது என்பதே என் வாதம்.

தொடக்கத்திலேயே ஒரு தடை எழும். தனக்குத் தானே புகல், வேறு எவரும் புகலல்ல என்று தன் கடைசி நாட்களில் சொன்னவர் புத்தர். வழிகாட்டுவது மட்டுமே தன் வேலை, நடக்க வேண்டியது அவரவர் என்பதும் அவர் போதனை. அப்படியிருக்க, ஒருவர் நம்பிக்கையை இன்னொருவர் எப்படி வலுப்படுத்த முடியும்? ஊக்குவது வீண் வேலை ஆகாதா? இந்தத் தடையை எழுப்புகிறவர்கள், அதே புத்தர் தம் சீடர் ஆனந்தரைத் திருத்திய இடத்தை மறந்துவிடுகிறார்கள். நல்ல நட்பு என்பது அறவாழ்வில் பாதி என்று ஆனந்தர் மதிப்பிட்டபோது, பாதி அல்ல, முழுமையும் அதுவே என்றார் புத்தர். இரண்டு கூற்றும் முரணாகத் தோன்றுவது, உழைப்பை ஏதோ தனிமையில் நடப்பது என்று நாம் எண்ணுவதால். சங்யுத்த நிகாயத்தில் புத்தரே ஒரு கழைக்கூத்தாடியையும் அவன் மாணவியையும் காட்டுகிறார். மூங்கிலைத் தாங்கி நிற்பவன் தன் சமநிலையைத் தானே காக்க வேண்டும். மேலே நிற்பவள் தன்னுடையதைத் தானே காக்க வேண்டும். அவன் சமநிலையை இவளால் காக்க முடியாது. ஆனாலும் ஒருவர் தவறினால் இருவரும் விழுவர், ஒருவர் உறுதியாக நின்றால் இருவருக்கும் உறுதி. தன்னைக் காப்பவன் பிறரைக் காக்கிறான், பிறரைக் காப்பவன் தன்னைக் காக்கிறான் என்று அங்கே அவர் முடிவு சொல்கிறார். பிறரைக் காப்பது எதனால் என்று கேட்டால் பொறுமையால், துன்புறுத்தாமையால், அன்பால், பரிவால் என்கிறார். ஆகவே ஊக்குவது என்றால் நம் நம்பிக்கையை இன்னொருவர் தலையில் ஏற்றுவது என்று பொருள் இல்லை. அவர் தன் உழைப்பைத் தொடங்கத் துணை நிற்பதே ஊக்கம்.

காவிரிக் கரையில் இது வெறும் உபதேசமாக நின்றுவிடவில்லை. ஐந்தாம் நூற்றாண்டில் உறையூரில் பிறந்த புத்ததத்தர் இலங்கை அநுராதபுரத்து மகாவிகாரையில் பயின்று திரும்பியவர். களப்பிரன் அச்சுதவிக்கந்தன் ஆண்ட காலம். காவிரிப்பூம்பட்டினத்தில் கணதாசன் என்பவர் கட்டிய விகாரையில் தங்கி அபிதம்மாவதாரத்தை எழுதினார். காவிரியை ஒட்டிய பூதமங்கலத்தில் தங்கி விநயவிநிச்சயத்தை எழுதினார். முன்னது அபிதம்மம் என்னும் தத்துவக் கடலில் இறங்க அஞ்சும் புதியவர்களுக்கான படித்துறை. பின்னது துறவியருக்கான பெருந்தொகையான விநய விதிகளை மனப்பாடம் செய்ய ஏற்றபடி செய்யுளில் சுருக்கியது. இரண்டுமே அவர் தாமாக நினைத்து எழுதியவை அல்ல. முதல் நூல் சுமதி என்பவர் வேண்டியதால் எழுந்தது; இரண்டாவது புத்தசீகர் வேண்டியதால். இந்த வேண்டுகோள்களை நூலாசிரியரே பதிந்து வைத்திருக்கிறார். விசுத்திமக்கம் எழுதிய புத்தகோசரும் அப்படியே. காஞ்சியில் தம்மோடு தங்கியிருந்த சோதிபாலரின் வேண்டுகோளை அங்குத்தர நிகாய உரையில் நினைவுகூர்கிறார். தேரவாதப் பௌத்தம் இன்றும் படிக்கும் நூல்களில் சில, ஒரு தமிழ்நாட்டு விகாரையில் ஒரு மாணவரோ தோழரோ ஒரு பெரியவரைப் பார்த்து எங்களுக்கு இதை எளிதாக்கித் தாருங்கள் என்று கேட்டதன் விளைவு. இங்கே யார் யாரை ஊக்கினார்? கேட்ட சுமதிக்குக் கற்கும் ஆர்வம் இருந்தது. அந்த ஆர்வம் புத்ததத்தரை எழுத வைத்தது. எழுதியது சுமதியை மட்டுமன்றி அவருக்குப் பின் வந்த பல தலைமுறைகளைக் கற்க வைத்தது. மாணவர் ஆசிரியரை ஊக்கும் இந்தத் தலைகீழ் ஓட்டத்தை நாம் போதிய அளவு மதிப்பதில்லை. கற்றவர் மட்டுமே ஊக்க முடியும் என்று காத்திருப்பவர்களுக்கு இது நல்ல மறுமொழி. கேட்பதும் ஊக்கந்தான்.

காவிரிப்பூம்பட்டினத்தைக் களமாகக் கொண்ட மணிமேகலைக் காப்பியம் இந்தக் கருத்தைக் கதையாக்கிக் காட்டுகிறது. மணிமேகலையின் நம்பிக்கை எப்படி வளர்கிறது என்று அதன் ஆசிரியர் சாத்தனார் அமைத்த வரிசையைக் கவனிக்க வேண்டும். அமுதசுரபி கையில் கிடைத்ததும் அவள் தத்துவம் பேசத் தொடங்கவில்லை. முதல் பிச்சையை யாரிடம் ஏற்பது என்று காயசண்டிகை சொல்லக் கேட்டு ஆதிரையின் வாசலுக்குப் போகிறாள். பசித்தவர்க்குச் சோறு இடுகிறாள். சிறையில் வாடுவோர்க்கும் இட்டு, சோழ மன்னன் என்ன வேண்டும் என்று கேட்கும்போது சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக மாற்றச் சொல்கிறாள். பின்னர் வஞ்சி நகரில் அளவைவாதி, சைவவாதி, ஆசீவகன், சாங்கியன் எனப் பல சமயத்தாரிடம் அவரவர் கொள்கையைக் கேட்கிறாள். இத்தனைக்கும் பிறகுதான் காஞ்சியில் அறவண அடிகள் அவளுக்குத் தருக்கமும் சார்பில் தோற்றமும் முறையாகச் சொல்லிக்கொடுக்கிறார். ஈகையில் தொடங்கிக் கேட்டலுக்கும் ஆராய்தலுக்கும் போகும் இந்த வழி, மகாநாமனுக்குச் சொன்ன எட்டுப் படிகளின் வழிதான். எதிர்க்கொள்கைகளைக் கேட்காமல் தன் கொள்கையில் உறுதி வராது என்று சாத்தனார் கருதியிருக்கிறார். மன்னனை அவள் ஊக்கிய முறையும் கவனிக்கத் தக்கது. பௌத்தனாகு என்று அவனிடம் அவள் சொல்லவில்லை. அவள் செய்துகொண்டிருந்த செயலே அவனைக் கேட்க வைத்தது.

இனி மறைவின் கதைக்கு வரலாம். இந்த இடத்தில் வலுவான ஒரு மறுப்பு காத்திருக்கிறது. பௌத்தம் சோழநாட்டில் தானாக ஓயவில்லை, அழிக்கப்பட்டது. உழைப்புப் போதவில்லை என்று பாதிக்கப்பட்டவர்களையே குறை சொல்வது நியாயமா என்பது அந்த மறுப்பு. இதில் உண்மை உண்டு, அதை மூடி மறைப்பது அறமல்ல. போதிமங்கையில் சம்பந்தரை எதிர்கொண்ட புத்தநந்தியின் தலை இடியால் வீழ்ந்ததாகப் பெரியபுராணமே பெருமையோடு சொல்கிறது. நாகப்பட்டினத்துப் பொன் புத்தரைத் திருமங்கையாழ்வார் எடுத்துச் சென்று திருவரங்கத் திருப்பணிக்குப் பயன்படுத்தினார் என்று வைணவக் குருபரம்பரையே சொல்கிறது. வென்றவர்கள் தாங்களே எழுதி வைத்த கதைகளில் இவ்வளவு இருக்கிறதென்றால், எழுதப்படாதது எவ்வளவு என்று யாரும் எண்ணிப் பார்க்கலாம். ஆனால் இந்த மறுப்பு முழு விளக்கம் ஆகாது. சம்பந்தர் வாழ்ந்தது ஏழாம் நூற்றாண்டு. சூளாமணி விகாரை எழுந்தது அதற்கு மூன்று நூற்றாண்டுகளுக்கும் மேல் கழித்து. நாகப்பட்டினத்தில் 1856 முதல் மண்ணிலிருந்து வெளிவந்த 350க்கும் மேற்பட்ட புத்தச் செப்புத் திருமேனிகள் 11ஆம் நூற்றாண்டு தொடங்கி 16ஆம் நூற்றாண்டு வரையானவை. சோழ அரசே 1279இல் முடிந்துபோயிற்று. அதற்குப் பிறகும் இருநூறு ஆண்டுகளுக்கும் மேலாக யாரோ காசு கொடுத்துத் திருமேனி வார்ப்பித்திருக்கிறார்கள். அக்கசாலைப் பெரும்பள்ளி என்று பொற்கொல்லர் தொழிலின் பெயரால் ஒரு பள்ளியே அங்கு இருந்ததைத் திருமேனி ஒன்றின் எழுத்து சொல்கிறது. 1580இல் கூடச் செவ்வப்ப நாயக்கர் காலத்துக் கும்பகோணக் கல்வெட்டு ஒன்று, வாய்க்கால் வெட்டியபோது திருவிளந்துறைப் புத்தர் கோயில் நிலம் போனதற்கு மாற்று நிலம் கொடுத்ததைப் பதிகிறது. அதாவது மானியம் தந்த அரசுகள் போன பின்னும், எதிர்ப்புப் புயல் ஓய்ந்த பின்னும், எளிய மக்களின் பௌத்தம் நெடுங்காலம் தாக்குப்பிடித்தது. அது வாளால் ஒரே நாளில் வெட்டுண்ட மரம் என்று சொல்ல இந்தச் சான்றுகள் இடம் தரவில்லை.

அப்படியானால் கடைசியில் ஏன் நின்றது? எட்டுப் படிகளை இந்தச் சான்றுகளோடு ஒப்பிட்டால் ஒன்று தெரிகிறது. 11ஆம் நூற்றாண்டில் வீரராசேந்திரன் பெயரால் வீரசோழியம் என்ற தமிழ் இலக்கணம் செய்த புத்தமித்திரர் பௌத்தர். 12ஆம் நூற்றாண்டில் மோகவிச்சேதனி எழுதிய காசியபர் சோழநாட்டுத் தேரர். 13ஆம் நூற்றாண்டில் ரூபசித்தி என்ற பாலி இலக்கணம் எழுதிய புத்தப்பியர் சோழியர் என்றே அழைக்கப்பட்டார். அதே நூற்றாண்டில் இலங்கை அரசன் இரண்டாம் பராக்கிரமபாகு சோழநாட்டுக்குக் காணிக்கைகள் அனுப்பி, கற்றறிந்த பிக்குகளைத் தன் தீவுக்கு வரவழைத்தான் என்று இலங்கை வரலாற்று நூலான சூளவம்சம் சொல்கிறது. நான்காம் பராக்கிரமபாகுவின் ஆசானும் ஒரு சோழநாட்டுத் தேரரே. இந்த வரிசை 14ஆம் நூற்றாண்டோடு நின்றுவிடுகிறது. அதற்குப் பிறகு காவிரிக் கரையில் எழுந்ததாக எடுத்துக்காட்டத் தக்க பௌத்த நூல் எதுவும் நம் கைக்கு வரவில்லை. திருமேனிகள் மட்டும் தொடர்கின்றன. நம்பிக்கை இருந்தது, ஈகையும் இருந்தது. இல்லாவிட்டால் திருமேனிகள் ஏது? கேட்டலும் நினைவில் நிறுத்தலும் ஆராய்தலும் கடல் தாண்டிப் போய்விட்டன. கற்பவர்கள் போனபோது, இன்னொரு புத்ததத்தரிடம் வேண்டுகோள் வைக்க இன்னொரு சுமதி எழவில்லை. அரசன் நிலத்தைக் கொடுக்கலாம், பொற்கொல்லர் படிமத்தைக் கொடுக்கலாம். ஏன் நம்புகிறோம் என்று தன் பிள்ளைக்குச் சொல்லத் தெரியாத தந்தை அடுத்த தலைமுறைக்குக் கொடுக்க ஒன்றும் வைத்திருக்க மாட்டான். அதே காலத்தில் சைவரும் வைணவரும் என்ன செய்தார்கள்? அவர்களுக்கும் மானியங்கள் இருந்தன, பௌத்தர்களைவிட அதிகமாகவே இருந்தன. அத்தோடு ஊர் ஊராகப் பதிகம் பாடி நடந்த அடியார் மரபும், எழுத்தறியாதவர் வாயிலும் பாட்டாக நின்ற கொள்கையும் இருந்தன. ஒருவரை ஒருவர் ஊக்கும் கலையில் அவர்கள் தேறினார்கள். பௌத்தர்கள் தாங்கள் தொடங்கி வைத்த கலையையே கைவிட்டார்கள்.

இந்த முடிவு கடுமையானதாகத் தோன்றலாம். ஆனால் இதில் நம்பிக்கை தரும் ஒரு பக்கமும் உண்டு. மானியத்தால் வாழாத ஒன்றை மானியம் இல்லாமலே மீட்க முடியும். இதற்குத் தமிழ் மண்ணிலேயே சான்று இருக்கிறது. சித்த மருத்துவரான அயோத்திதாசப் பண்டிதர் (1845–1914), பிரம்மஞான சபையின் கர்னல் ஆல்காட்டின் துணையோடு 1898இல் இலங்கை சென்று, கொழும்பில் சுமங்கல நாயக்க தேரரிடம் பஞ்சசீலம் ஏற்றார். திரும்பி வந்து சென்னையில் சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவினார். அவரிடம் ஆனைமங்கலம் எதுவும் இல்லை. இருந்தது, 1907இல் ஒரு பைசா விலையில் தொடங்கிய ஒரு வார இதழ். ‘தமிழன்’ என்ற அந்த இதழைக் கோலார் தங்கச் சுரங்கத் தொழிலாளர்கள் கூடியிருந்து படித்தார்கள். ஊர்ப்பெயர், பண்டிகை, சடங்கு, மருத்துவம் என்று எதைப் பற்றியும் வாசகர்கள் கேள்வி அனுப்பினார்கள். பண்டிதர் விடை எழுதினார். மீண்டும் சுமதியும் புத்ததத்தரும்தான், இந்த முறை அச்சில். மாரிக்குப்பம், பெங்களூர், திருப்பத்தூர், ரங்கூன், டர்பன் என்று கிளைகள் எழுந்தன. சங்கத்தோடு தொடர்புடைய பேராசிரியர் லட்சுமி நரசு 1907இல் வெளியிட்ட பௌத்த சாரம் பற்றிய ஆங்கில நூலை அம்பேத்கர் 1948இல் தம் முன்னுரையோடு மறுபடி அச்சிட்டார். எட்டு ஆண்டுகள் கழித்து, 1956 அக்டோபர் 14 அன்று, நாகபுரியில் இலட்சக்கணக்கானோரோடு அவர் தீட்சை ஏற்றார். தாம் ஏற்றபின் கூட்டத்தாருக்குத் தாமே உறுதிமொழிகளைச் சொல்லிக்கொடுத்தார். இல்லறத்தான் ஒருவனும் பிறரை நம்பிக்கையில் ஊக்கலாம் என்று மகாநாமனுக்குச் சொன்னதன் மிகப் பெரிய நிறைவேற்றம் இது என்று தயங்காமல் சொல்வேன்.

இங்கே இன்னொரு மறுப்பு வரும். அயோத்திதாசரும் அம்பேத்கரும் தேடியது சாதியிலிருந்து விடுதலை. அது அரசியல், அதைச் சமய நம்பிக்கை என்று எப்படி எண்ணுவது என்பார்கள். இப்படிக் கேட்பவர்கள், நம்பிக்கை என்பது வாழ்க்கையின் துன்பத்தோடு தொடர்பில்லாத ஏதோ ஒன்று என்று எடுத்துக்கொள்கிறார்கள். பௌத்தம் துன்பத்திலிருந்துதான் தொடங்குகிறது. காவிரிப் படுகையின் துன்பம் என்ன என்று இந்தப் பகுதியின் சேரிகளைக் கேட்டால் தெரியும். பண்ணையாள் முறையும் சாணிப்பாலும் சாட்டையடியும் இந்த நெல் விளைந்த மண்ணில் நடந்தவை. 1968 டிசம்பர் 25 அன்று கீழவெண்மணியில் 44 பேர் ஒரே குடிசைக்குள் எரிக்கப்பட்டார்கள். அரைப்படி நெல் கூடுதல் கூலி அந்தப் போராட்டத்தின் மையம். இப்படிப்பட்ட துன்பத்துக்குக் காரணம் உண்டு, காரணத்தை நீக்கினால் துன்பம் நீங்கும், நீக்கும் வழி மனிதன் கைக்கு எட்டியது என்று ஒருவன் நம்பத் தொடங்குவது பௌத்த நம்பிக்கையின் முதல் படி அல்லாமல் வேறு என்ன? ஆனால் அது முதல் படி மட்டுமே என்பதையும் சொல்ல வேண்டும். தீட்சை எடுத்த நாளோடு நின்று, ஒழுக்கத்துக்கும் கேட்டலுக்கும் ஆராய்தலுக்கும் போகாத இடங்களில் அது சான்றிதழில் எழுதிய பெயராக மட்டும் நிற்கும். அயோத்திதாசர் 1912இல் புத்தரது ஆதிவேதத்தை உழைத்து எழுதியது, சான்றிதழ் போதாது என்று அவருக்குத் தெரிந்திருந்ததால்தான்.

தமிழ் வாசகர் மனத்தில் இருக்கும் மிகக் கசப்பான மறுப்பை நான் இன்னும் தொடவில்லை. கடலுக்கு அப்பால், வெகு அருகில், பௌத்தத்தின் பெயரால் தமிழர்மீது என்ன நடந்தது என்று எல்லோருக்கும் தெரியும். 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்தது. 1983 கலவரம் நடந்தது. அதன்பின் கால் நூற்றாண்டுக்கும் மேலாகப் போர் நடந்தது. அந்த அரசியலில் காவியுடை அணிந்தவர்கள் பலர் முன் வரிசையில் நின்றார்கள். இதற்குப் பிறகும் ஒரு தமிழரைப் பார்த்துப் பௌத்த நம்பிக்கையில் உறுதிகொள் என்று சொல்ல வாய் வருமா? வரும், வர வேண்டும். ஏனெனில் அங்கே நடந்தது நம்பிக்கையை அரசின் பாதுகாப்பில் ஒப்படைத்ததன் விளைவு. 1972இலும் 1978இலும் இலங்கை அரசியலமைப்பு பௌத்தத்துக்கு முதன்மை இடம் தந்து, அதைக் காப்பதை அரசின் கடமையாக்கியது. ஆனைமங்கலத்தில் அரசின் கொடை பௌத்தத்தைச் சோம்பலாக்கிற்று. இலங்கையில் அரசின் முதன்மை அதைக் கொடுமையாக்கிற்று. தன்னைத் தான் காப்பதால் பிறரைக் காக்கலாம் என்று போதித்த சமயம், தன்னைக் காக்கப் படையை அழைத்தபோது தன்னையே இழந்தது. அத்தோடு, இலங்கையின் பௌத்த அறிவு மரபில் உறையூர்க்காரரும் காஞ்சியில் தங்கியவரும் சோழியத் தேரரும் எழுதியவை கலந்திருக்கின்றன. அது நமக்கு அந்நியமான சமயம் என்று ஒதுக்குவதும், அது சிங்களவர்க்கு மட்டும் உரியது என்று அங்கே முழங்குவதும் ஒரே பிழையின் இரண்டு முகங்கள்.

பிறரை ஊக்குவது மதமாற்றத்தில் போய் முடியாதா என்ற ஐயமும் நேர்மையானது. சோறு காட்டியோ அச்சம் காட்டியோ, ஒருவர் துயரத்தில் தளர்ந்திருக்கும் நேரம் பார்த்தோ ஆள் சேர்ப்பதை யார் செய்தாலும் இழிவு. ஆனால் மகாநாமனுக்குச் சொன்ன எட்டில் ஏழாவது, பொருளை ஆராய்தல். பிறரை ஆராய்வதில் ஊக்க வேண்டும் என்று சொல்லும் சமயம், அவர் ஆராய்ந்து மறுத்துவிடும் வாய்ப்பையும் சேர்த்தே தருகிறது. யார் சொன்னார், எந்த நூலில் இருக்கிறது, மரபு என்ன என்பதை மட்டும் வைத்து ஏற்காதீர்கள் என்று காலாமர் குலத்தாரிடம் புத்தர் சொன்னது அதனால்தான். நம்பிக்கை மிகுந்து அறிவு குறைந்தவன் தகாததை நம்புவான் என்றும், அறிவு மிகுந்து நம்பிக்கை குறைந்தவன் தந்திரக்காரன் ஆவான் என்றும் விசுத்திமக்கம் எச்சரிக்கிறது. இரண்டும் சமமாக நிற்கும்படி பார்த்துக்கொள்வதே ஊக்குபவரின் வேலை. அப்படி ஊக்கப்பட்ட ஒருவர் சைவராகவே தொடரலாம், சமயமே வேண்டாம் என்றும் இருக்கலாம். அவர் முன்பைவிடத் தெளிவோடு இருந்தால் ஊக்கியவரின் உழைப்பு வீணாகவில்லை.

தஞ்சை, திருவாரூர், நாகை, திருச்சி, புதுக்கோட்டைப் பகுதிகளில் அறுபதுக்கும் மேற்பட்ட புத்தர் கற்சிலைகள் இதுவரை ஆய்வாளர்களால் பதிவு செய்யப்பட்டுள்ளன. தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய பா. ஜம்புலிங்கம் போன்றவர்கள் பல ஆண்டுகள் ஊர் ஊராக நடந்து கண்டெடுத்தவை அவற்றில் உண்டு. பல சிலைகள் வயல் வரப்பிலும் குளக்கரையிலும் கிடந்தவை. சில ஊர்களில் மக்கள் அவற்றை வேறு பெயரில் வணங்குகிறார்கள், எண்ணெய் சாத்தி மாலையிடுகிறார்கள். இந்த அன்பை நான் குறைவாக மதிக்கவில்லை. அந்தச் சிலைகள் இவ்வளவு காலம் உடையாமல் இருப்பதற்கே அந்த அன்பு ஒரு காரணம். ஆனால் எட்டில் அது முதல் ஒன்றிரண்டு படிகளைத் தாண்டாது. இந்த ஊர்களில் இருப்பவர்களிடம் என் வேண்டுகோள் ஒன்றுதான். சிலைக்குக் கூரை போட நன்கொடை திரட்டுவதற்கு முன், மாதம் ஒரு பௌர்ணமி மாலையில் நான்கு பேர் அதன் அருகே உட்காருங்கள். மகாநாமனுக்குப் புத்தர் சொன்ன விடையைத் தமிழில் ஒருவர் படிக்கட்டும். மற்றவர்கள் புரியாததைக் கேட்கட்டும். ஐந்தாவதாக வருபவர் எந்தத் தெருவிலிருந்து வந்தாலும் பாயில் இடம் கொடுங்கள். விடை தெரியாத கேள்வி எழுந்தால் அதைக் குறித்துக்கொண்டு, தெரிந்தவரைத் தேடிப் போய்க் கேளுங்கள்.